இன்ட்யூன் கருவிப் பட்டியலில் ரேம் ஏன் 0 என்று வருகிறது?

நிறுவனக் கருவிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூனின் தகவலை, நிரல் வழியாகத் தரும் மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏபிஐ-யில் மேனேஜ்டுடிவைசஸ் (நிர்வகிக்கப்படும் கருவிகள்) பட்டியலாக எடுத்தால் எல்லா லேப்டாப்புக்கும் ரேம் 0 என்று வருகிறது, பட்டியலும் பாதியில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோடில் தப்பு தேட வேண்டாம், ரேம் விஷயத்தில் அந்த ஏபிஐ நடந்துகொள்வதே அப்படித்தான். மொத்தப் பட்டியலாகக் கேட்கும்போது பிசிக்கல் மெமரி (ரேம் அளவு) புலத்துக்கு உண்மையான மதிப்பை அது தருவதில்லை, வெறும் 0-வைத்தான் போட்டு அனுப்பும். முதலில் பட்டியலிலிருந்து ஐடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஒவ்வொரு ஐடிக்கும் தனியாக ஒரு கெட் அழைப்பு போட்டு, அதில் செலக்ட் அளவுருவில் அந்தப் புலத்தின் பெயரை வெளிப்படையாகக் கேட்டால்தான் சரியான எண் கிடைக்கும். அதுவும் பைட்டில் வரும், ஜிபி வேண்டுமென்றால் 1024-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கில் கருவிகள் இருந்தால் இது நேரம் பிடிக்கும். இடையில் 429 பிழை (அழைப்புகள் அளவு மீறிவிட்டன என்று பொருள்) வந்தால், பதிலின் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் உள்ள விநாடிகள் வரை காத்திருந்துவிட்டுத் தொடருங்கள், உடனே திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

பட்டியல் பாதியில் நிற்பது, ஏபிஐ அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தருவதால். பதிலின் உள்ளே நெக்ஸ்ட்லிங்க் என்று அடுத்த பக்கத்துக்கான ஒரு முகவரி இருக்கும், அது வராமல் போகும்வரை அதையே அழைத்துக்கொண்டே இருங்கள். அந்த முகவரியை நீங்களாக மாற்றி எழுத வேண்டாம்.

அனுமதியாக டிவைஸ்மேனேஜ்மென்ட்மேனேஜ்டுடிவைசஸ்.ரீட்.ஆல் போதும். வெறுமனே படிக்கிற வேலைக்கு, மாற்றி எழுதவும் விடும் ரீட்ரைட் அனுமதி கொடுப்பது தேவையில்லாத ஆபத்து.