மினி டிராக்டர் பாரத்தில் திணறினால்: கேள்வி பதில்

(டர்போ இல்லாத, சாதாரண டீசல் பம்ப் உள்ள 18 முதல் 28 ஹெச்.பி. வண்டிகளுக்கான பதில்கள்.)

கோபியிலிருந்து: ஏனுங்ணா, சும்மா ஓட்டினா வண்டி நல்லா ஓடுதுங்க. ரோட்டாவேட்டரை மண்ணுல இறக்கி ரெண்டு சால் போறதுக்குள்ள இஞ்சின் இறங்கிப்போகுது. புகையே இல்லீங்க. நிறுத்திட்டு மறுபடி எடுத்தா இழுக்குது. மெக்கானிக் பம்பைக் கழட்டோணுங்கறார்.

பதில்: பம்பை இப்போ தொடாதீங்க. பாரத்துல கரும்புகையோட இறங்கினா காத்து பத்தலைன்னு அர்த்தம். புகையில்லாம இறங்கினா டீசல் பத்தலை. உங்க வண்டி ரெண்டாவது வகை.

முதல்ல டேங்க் மூடி. அதுல இருக்கிற சின்ன காத்துத் துளை செம்மண் தூசியில அடைஞ்சா, டீசல் குறையக் குறைய டேங்குக்குள்ள காத்து போக வழியில்லாம டீசல் இறங்காது. வண்டி திணறும்போதே மூடியைத் திறங்க. ‘உஸ்’னு காத்து உள்ளே போய், வண்டி உடனே இழுத்தா கோளாறு அங்கேதான்.

அது இல்லைன்னா, டேங்க்ல இருந்து வர்ற ஹோஸை ஃபில்டர் பக்கம் கழட்டி பாட்டில்ல விடுங்க. ரெண்டு நிமிஷமாவது ஓடட்டும். டேங்க் அடியில இருக்கிற கசடு மெதுவாத்தான் வாயில வந்து அடைக்கும். கடைசி வரைக்கும் ஒரே சீரா விழணும். தேய்ஞ்சுக்கிட்டே போனா டேங்க் வாய் வலை, டீசல் டேப், உள்பக்கம் உப்பிப்போன ஹோஸ் மூணையும் பாருங்க. சீரா விழுந்தா ஃபில்டரை மாத்தி, டேங்க்ல இருந்து டீசலை இழுத்துத் தர்ற ஃபீட் பம்ப்போட வலையையும் கழுவுங்க.

மாட்டினப்புறம் டீசல் லைன்ல புகுந்த காத்தை வெளியேத்தணும், அதான் ஏர் எடுக்கறது. ஃபில்டர் தலையில இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்னு தெளிஞ்ச டீசல் வர்ற வரைக்கும் கைப்பம்பை அடிங்க. அப்புறம் டீசல் பம்ப்ல இருக்கிற ஏர் ஸ்க்ரூவுலயும் அதே மாதிரி. செப்பு வாஷர் புதுசாப் போடுங்க. ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சுற பக்கத்துல லீக் இருந்தா வெளியே சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். நிறையப் பேர் ஏமாறுற இடம் இது.

பொள்ளாச்சியிலிருந்து: தோப்புல ஓட்டறப்போ கரும்புகையா வருது, ஹீட்டும் ஏறுதுங்க.

பதில்: ஆயில் பாத் ஏர் கிளீனரா (கிண்ணத்து ஆயில்ல தூசியைப் பிடிக்கிற வகை)? கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க. ஆயில் சேறா இருந்தா கொட்டிட்டு, வலையை டீசல்ல கழுவிக் காயவெச்சு, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊத்துங்க. கோட்டுக்கு மேல போனா அதுவே காத்தை மறிக்கும். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது. அடைஞ்சா மாத்திடுங்க. ஏர் கிளீனர் ஹோஸ் உள்பக்கம் ஒட்டிப்போகுதான்னும் பாருங்க.

ஹீட்டுக்கு ரேடியேட்டர். தென்னை நாரும் தூசியும் முன்பக்கம் படிஞ்சிருக்கும். இஞ்சினை ஆறவிட்டு, ஃபேன் பக்கத்துல இருந்து முன்னாடி பார்த்துக் காத்தடிங்க.

காங்கயத்திலிருந்து: டிரெய்லர்ல லோடு வெச்சு மேடு ஏறுறப்போ இஞ்சின் சத்தம் குறையலீங்க, வண்டிதான் நகர மாட்டேங்குது.

பதில்: அது கிளட்ச் வழுக்கல். பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா போற தூரம்) கையேட்டுல சொன்ன அளவு இருக்கான்னு பாருங்க. கருகின வாசனை வந்தா பிளேட் தேய்ஞ்சிருக்கும்.

பெருந்துறையிலிருந்து: பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிக்கலாங்களாண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாமுங்க. எரியாத டீசல் லைனர்ல (சிலிண்டரோட உள்சுவர்) இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு கீழே இறங்கி, இஞ்சின் ஆயிலை நீர்த்துப்போக வைக்கும். பிஸ்டன் சூடேறிக் கெடும். அந்த ஸ்க்ரூவுக்குப் போட்டிருக்கிற கம்பெனி சீல் உடைக்கிற வேலை டெஸ்ட் பெஞ்ச் இருக்கிற பம்ப் கடையில மட்டும்தான் நடக்கணும்.

இழுவை பத்தலைன்னா, கை த்ராட்டிலை முழுசா இழுத்து, பம்ப் லீவர் கடைசி ஸ்டாப்பரைத் தொடுதான்னு பாருங்க. தொடலைன்னா கேபிளையோ ராடையோ சரிபண்ணினா போதும். அப்புறம், ஐடிலிங்ல, சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற நாசிலோட பைப் நட்டை ஒவ்வொண்ணாக் கொஞ்சம் தளர்த்துங்க. எதைத் தளர்த்தினா சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர் வேலை செய்யலை. நாசிலைக் கழட்டி டெஸ்டுக்குக் கொடுங்க. கண்ணாடி போட்டுக்கோங்க, கையை வழியில நீட்டாதீங்க. அந்தப் பைப்புல இருக்கிற அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். போயிட்டா காயம் சின்னதாத் தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

உடுமலையிலிருந்து: இதெல்லாம் பார்த்தாச்சுங்க, வண்டி இன்னும் திணறுது. 22 ஹெச்.பி., 5 அடி ரோட்டாவேட்டர், கரிசல் மண்ணு.

பதில்: கருவிதான் பெருசுங்க. அந்த வண்டிக்கு 3 அல்லது 3½ அடி போதும். மாத்துற வரைக்கும் லோ கியர்ல, பிடிஓ (கருவியைச் சுத்த வைக்கிற பின்பக்க ஷாஃப்ட்) நிமிஷத்துக்கு 540 சுத்து குறையாம, ஆழத்தைக் குறைச்சு ரெண்டு தடவையா ஓட்டுங்க. சின்ன கருவியிலயும் திணறி, காலையில ஸ்டார்ட் ஆகவும் சிரமப்பட்டு, ப்ரீதர்ல (இஞ்சினுக்குள்ள இருக்கிற காத்து வெளியேறுற குழாய்) புகை தள்ளினா டேப்பெட் கேப்பும் (வால்வு இடைவெளி) கம்ப்ரஷனும் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்க.