ரீபோருக்கு முன்னால்

ஐயா, வணக்கம்.

அப்பா வாங்கிய 1986 அம்பாசிடர், பெட்ரோல் வண்டி, இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் காலத்திலிருந்து பார்த்துவந்த மெக்கானிக் வயதாகி ஊருக்கே போய்விட்டார். இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ரேடியேட்டர் கொதிக்கிறது. சில நாள் வண்டியே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்புகிறது. எஞ்சினில் டக்டக்கென்று சத்தமும் உண்டு. புது மெக்கானிக் எஞ்சினை இறக்கி, சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து ரீபோர் பண்ண வேண்டும் என்கிறார். மகன் எடைக்குப் போடச் சொல்கிறான். எனக்கு ஸ்பேனர் பிடித்துக் கொஞ்சம் பழக்கம் உண்டு. நானே பார்க்கலாமா?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

தாராளமாகப் பார்க்கலாம். எஞ்சினை இறக்குகிற பேச்சு மட்டும் இப்போது வேண்டாம். சிலிண்டர் தேய்ந்து, ஆயில் குடித்து, நீலப் புகை விடுகிற வண்டிக்குத்தான் ரீபோர். நீங்கள் புகையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே.

முதலில் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரின் லட்சணம் உங்களுக்கே தெரியும். வாளியில் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டருக்குள்ளும் பிளாக்குக்குள்ளும் படிகிறது. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் அடியில் உள்ள குழாயைத் திறங்கள். பிளாக்கின் பக்கவாட்டில், பின்பக்கமாக, இன்னொரு சின்னக் குழாய் இருக்கும். அதைத் திறந்தால் அநேகமாக ஒரு சொட்டும் வராது, துரு அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்துங்கள், செம்மண் கரைசல் மாதிரி கொட்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

கையோடு தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானபின் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். 'மெட்ராஸ் வெயிலுக்கு இது எதுக்கு சார்' என்று கழற்றி வீசுவது இங்கே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை ஆயிலில் ஈரம் சேரும், சிலிண்டரும் வீணாகத் தேயும். பழையது கிடைத்தால் நூலில் கட்டி, அடுப்பில் சுடும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே அது வாய் திறக்க வேண்டும். (வீட்டில் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுங்கள்.)

அடுத்தது பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரென்டை வெட்டிப் பிளக்கில் பொறி வரவைப்பது. கேமில் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், எஞ்சின் இழுக்காமல் சூடாகும். இடைவெளி 0.4 மில்லிமீட்டர், பிளக்குக்கு 0.6. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து நீங்களே சரிசெய்யலாம். பாயிண்டைத் தொட்டபின் டைமிங்கையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஃபேன் எஞ்சினோடு சுற்றுவது, லாரிக்குப் பின்னால் நிற்கும்போது காற்று குறைவுதான். பெல்ட்டும் தொளதொளவென்று இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வண்டி நின்றுபோனால் உடனே அதன்மேல் தண்ணீர் கொட்டாதீர்கள். டிக்கியில் ஒரு உபரி பிளக் வைத்திருங்கள். அதைப் பிளக் ஒயரில் மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, வேறொருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. பொறி நீலமாகப் படபடவென்று வந்தால் கரென்ட் சரி. மஞ்சளாக நோஞ்சானாக வந்தால் கண்டென்சரையோ காயிலையோ சந்தேகப்படுங்கள். பொறி நன்றாக இருந்தும் கிளம்பாவிட்டால் பெட்ரோல் பம்ப் சூட்டில் ஆவி அடைத்திருக்கலாம். பழைய டாக்சிக்காரர்கள் பம்பின்மேல் ஈரத் துணி சுற்றியது இதற்குத்தான். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றிவிடுங்கள்.

சத்தம் டேப்பட்டாக, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடியதாக, இருக்கலாம். முன்பக்கத்திலிருந்து எட்டு வால்வையும் எண்ணுங்கள். எட்டாவது முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதன் இடைவெளியைச் சரியாக வையுங்கள், ஆறாவது அமுங்கும்போது மூன்றாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். சத்தத்தை அடக்குகிறேன் என்று இறுக்கிவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கொஞ்சம் சத்தம் போட்டால் போடட்டும்.

எடைக்குப் போடச் சொல்லும் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். இன்று லாரி செய்கிற அசோக் லேலண்ட், 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கியபின் எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான். அந்த ஆஸ்டின் எஞ்சின் வழியில் வந்ததுதான் உங்கள் 1489 சிசி எஞ்சினும். வடசென்னைக்கு இது அசலூர்ச் சரக்கு இல்லை.

இவ்வளவும் செய்தபின் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளப்பது) வாங்கி நான்கு சிலிண்டரையும் பாருங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட். அந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதுங்கள், ரீபோர் பற்றி அப்புறம் பேசுவோம்.