ஜேம்ஸ் ஹார்வியின் பெட்டி

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மசாலாத்தூள், சோப்பு, ஊதுவத்தி ஆகியவற்றின் உறைகளை வடிவமைக்கிறேன். ஓவியக் கல்லூரியில் படித்தவன். இரவில் எனக்காக வரைகிறேன். கல்லூரி நண்பர்களிடம் என் வேலையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அண்மையில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலைப் பற்றிப் படித்தேன். சூப் டப்பாவைப் பார்த்து வரைந்தவர், தன்னை இயந்திரம் என்று சொல்லிக்கொண்டவர், விருந்துகளிலேயே வாழ்ந்தவர். அவருடைய மர்லின் மன்றோ படம் 19.5 கோடி டாலருக்கு விற்றிருக்கிறது. இவரைப் பெரிய கலைஞர் என்று எப்படி ஏற்பது? சோற்றுக்காகச் செய்யும் இந்த வேலையை விட்டால்தான் நான் ஓவியனாக முடியுமா?

க.

அன்புள்ள க.,

‘சோற்றுக்காகச் செய்யும் இந்த வேலை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் அன்பு இல்லாமல் அல்ல. சில வாரங்களாகவே ஜேம்ஸ் ஹார்வி என்ற மனிதரைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரும் உங்களைப் போலப் பகலில் பெட்டியும் இரவில் ஓவியமுமாக வாழ்ந்தவர்.

ஏல விலையை விடுங்கள். 2022இல் அந்தப் படம் விற்றபோது வார்ஹால் இறந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அது வாங்கியவர்களின் கதை. விருந்துகளையும் விடுங்கள். எந்த ஓவியரையும் அவர் மாலை நேரங்களை வைத்து அளக்க எனக்கு விருப்பமில்லை.

‘பார்த்து வரைந்தவர்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அதை மட்டும் விட முடியாது. 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபெரஸ் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்ட அந்த 32 சூப் டப்பாக்களும் கையால் வரையப்பட்டவை. அடியில் ஓடும் லில்லிப் பூ வரிசைக்கு மட்டும் ஒரு முத்திரை அச்சு பயன்பட்டது. ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம், விலை 100 டாலர். ‘இயந்திரமாக இருக்க விரும்புகிறேன்’ என்று அவர் சொன்னது 1963இல் ஒரு பேட்டியில். அதைச் சொன்னவர் அதற்கு முன் பத்தாண்டுகளுக்கு மேல் செருப்பு விளம்பரங்களுக்குக் கையால் படம் வரைந்து பிழைத்தவர். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது உங்கள் தொழில்.

வார்ஹால் 1928இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். பெற்றோர் இன்றைய ஸ்லோவாக்கியாவின் மிகோவா கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவருடைய பதின்மூன்றாம் வயதில் கூலித் தொழிலாளியான தந்தை இறந்தார். 1949இல் நியூயார்க் வந்த மகன் சில ஆண்டுகளிலேயே அந்த நகரம் தேடிப்போகும் விளம்பர ஓவியரானார். அங்கேதான் நீங்கள் சொல்லும் கூச்சம் வருகிறது. பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஓவியர்களான ஜாஸ்பர் ஜான்ஸும் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும் அதே காலத்தில் கடைகளின் கண்ணாடி முகப்புகளை அலங்கரித்துப் பிழைத்தார்கள். அதை ஒரு பொய்ப் பெயரில் செய்தார்கள். வார்ஹாலோ சொந்தப் பெயரில் விளம்பரம் வரைந்து பரிசும் வாங்கினார். அவர்கள் அவரிடமிருந்து விலகியே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நண்பர் ஒருவர் சொன்னதை வார்ஹாலே பதிவு செய்திருக்கிறார். 1961 ஏப்ரலில் அவருடைய முதல் பாப் ஓவியங்கள், அதாவது விளம்பரம் போன்ற அன்றாடப் படங்களையே கலையாக்கிய ஓவியங்கள், பொதுமக்கள் கண்ணில் பட்ட இடம் ஒரு துணிக்கடையின் கண்ணாடிக்குள். உடை மாட்டிய பொம்மைகளுக்குப் பின்னால்.

இப்போது ஹார்விக்கு வருகிறேன். பாத்திரம் தேய்க்கும், சோப்பு ஏற்றிய இரும்பு நார்ப் பொட்டலங்களை அடுக்கி அனுப்பும் பிரில்லோ அட்டைப்பெட்டியை வடிவமைத்தவர் அவர். வெள்ளைப் பெட்டி, சிவப்பும் நீலமுமான எழுத்து, பெட்டியைச் சுற்றி இரண்டு சிவப்புப் பரப்புகளுக்கு நடுவே வளைந்தோடும் ஒரு வெள்ளை அலை. ஹார்வி தன்னை ஓவியராகவே கருதினார். அவருடைய அரூப ஓவியங்கள் நியூயார்க்கில் காட்சிக்கும் வைக்கப்பட்டன. 1964 ஏப்ரலில் ஸ்டேபிள் காட்சிக்கூடத்தில் வார்ஹாலின் கண்காட்சி திறந்தபோது அங்கே போனவர், தன் பெட்டி ஒட்டுப்பலகையில் செய்யப்பட்டு, திரை அச்சில் வண்ணம் ஏற்றப்பட்டு, கிடங்கில் இருப்பதுபோல் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். மறு ஆண்டே புற்றுநோயில் இறந்தார். வயது 36.

ஆர்தர் டான்ட்டோ என்ற தத்துவப் பேராசிரியரும் அந்தக் கண்காட்சியைப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் எப்படிக் கலையாகிறது என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் எழுதினார். நல்ல கேள்விதான். ஆனால் என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு. அந்தக் கண்காட்சியில் பிரில்லோ மட்டும் இல்லை. கெலாக்ஸ் கார்ன்ஃபிளேக்ஸ் இருந்தது, ஹைன்ஸ் கெச்சப் இருந்தது, டெல்மான்ட்டே பீச் பழப் பெட்டி இருந்தது. வார்ஹால் ஒருவர், அச்சு முறை ஒன்று, கூடமும் ஒன்று. இன்று யாருக்காவது அந்த பீச் பழப் பெட்டி நினைவிருக்கிறதா? பிரில்லோ மட்டும் ஏன் நிற்கிறது? அதை ஹார்வி அவ்வளவு நன்றாக வரைந்திருந்தார் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. டான்ட்டோவே பின்னாளில் அந்த வடிவமைப்பின் நேர்த்தியை விரிவாக எழுதினார். அதற்குள் ஹார்வி போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இருபதுகளில் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அங்கே தீப்பெட்டி லேபிள் வரையும் ஓவியர் ஒருவர் இருந்தார். மூன்றே மையில் கிளி வரைவார். கண்ணுக்கு மை செலவழிக்காமல் தாளின் வெள்ளையையே விட்டு வைப்பார். கிளி உங்களையே பார்க்கும். ஒருமுறை இறகின் கோடுகளுக்குள் தன் பெயரின் முதலெழுத்தை நுழைத்துவிட்டார். முதலாளி பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்து அழிக்கச் சொன்னார். மறுபேச்சில்லாமல் அழித்தார். “அதுவும் நல்லதுதான், இறகு இப்போது சரியாக இருக்கிறது” என்று என்னிடம் சொன்னார். அந்தப் பணிவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வார்ஹாலை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் அவரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவருடைய விளம்பரப் படங்களில் வரும் அந்த வளைந்து நெளிந்த எழுத்து அவருடையது அல்ல, அம்மா ஜூலியாவுடையது. மகனின் கையெழுத்தைக்கூடப் பல நேரம் அவரே போட்டார். 1950களின் பிற்பகுதியில், மூன்டாக் என்ற தெரு இசைஞரின் இசைத்தட்டு உறையில் அவர் எழுதிய எழுத்துக்கு ஒரு விருது வந்தது. விருதில் இருந்த பெயர் ‘ஆண்டி வார்ஹாலின் அம்மா’. எழுதிய கைக்குப் பெயர் கிடைக்காது என்பதைத் தன் வீட்டுக்குள்ளேயே கண்ட மனிதர் வார்ஹால். பெட்டியும் செருப்பும் வரைவது எவ்வளவு உழைப்பு என்று அறிந்தவர். அவர் ஒரு பேட்டியிலாவது ‘பெட்டியை ஹார்வி வரைந்தார்’ என்று அழுத்திச் சொல்லியிருந்தால் அவருடைய புகழில் ஒரு துளி குறைந்திருக்குமா? 1964இன் பூக்கள் ஓவியங்களிலும் இதே கதைதான். மூலப் புகைப்படத்தை எடுத்தவர் பாட்ரீஷியா கால்ஃபீல்ட். அவர் வழக்குப் போட்ட பிறகே வார்ஹால் தரப்பு இணங்கிப் போனது.

இதில் ஹார்விக்கும் பங்கு உண்டு. தன் ஓவியங்கள்தான் கலை, பெட்டி வெறும் வேலை என்று அவரும் நினைத்தார். அப்படி நினைக்கும்போது அந்தப் பெட்டியை அடுத்தவர் எடுத்துக்கொள்ள நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இரவில் வரையும் ஓவியங்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, கூச்சத்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. ஒரு மசாலா உறையில் சிவப்பை எங்கே வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. படித்து வாங்கிய கண் அல்லவா அது? அந்தக் கண்ணோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்து செய்ததைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

வேலையை விட வேண்டாம். வாடகை கட்ட முடியாத ஓவியன் இரவில் வரைவதில்லை, கணக்குப் பார்க்கிறான். கல்லூரி நண்பர்களில் யாருக்கு உங்கள் வேலை கேலியாக இருக்கிறதோ அவரைக் கொஞ்ச நாள் பார்க்காமல் இருங்கள். நிறுவனத்திடம் உங்கள் பெயரைப் போடும்படி கேளுங்கள். உறையில் முடியாவிட்டால், அவர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் தொகுப்பிலாவது. மறுத்தால் மறுபடியும் கேளுங்கள். எனக்கு நீங்கள் வடிவமைத்தவற்றில் மூன்று உறைகளை அனுப்புங்கள், படமாக அல்ல, பிரிக்காத பொட்டலமாகவே. ஒவ்வொன்றின் பின்னாலும் உங்கள் முழுப் பெயரை எழுதுங்கள். க. என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.