“கறை நல்லது” என்றார், நான் பேச்சை நிறுத்திவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறோம். எனக்கு 37 வயது, கொழுந்து எடுக்கிறேன். கணவர் டவுனில் ஓட்டோ ஓட்டுகிறார். மகளுக்கு 14, மகனுக்கு 8.

எங்கள் வீட்டில் யாரும் சொந்த வாயால் பேசுவதில்லை. சென்ற வருடம் காலமான மாமனார், பல் விளக்க உட்கார்ந்தாலே பழைய வானொலி அறிவிப்பாளரின் குரலில் கோபால் பற்பொடி விளம்பரத்தை எடுத்துவிடுவார். “இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்” என்று நாடு நாடாக அடுக்குவார். அவர் போன தூரமெல்லாம் நுவரெலியா ஆஸ்பத்திரி வரைதான். துணி ஊறப்போட்டால் கணவர் நிர்மா பாட்டைத் தொடங்குவார், மகன் பின்பாட்டு. டிஷ் போட்ட பிறகு சொல்லவே வேண்டாம். நானும் சிரித்துக்கொண்டிருந்தவள்தான்.

கூரைத் தகரத்துக்கும் மகளின் டியூஷனுக்குமாக, கணவருக்குத் தெரியாமல் கிழமைக் கடன் எடுத்திருந்தேன். இரண்டு கிழமை கட்ட முடியவில்லை. வசூலிக்கிறவர் லயத்து வாசலுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து, ஓர் இரவு ரொட்டி சுட்டுக்கொண்டே கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கறை நல்லது” என்றார். பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொட்டியைத் திருப்ப மறந்து அது கருகிப்போனது.

பதினொரு நாளாக நான் அவருடன் பேசவில்லை. ஏழு மணிக்கு வண்டி எடுப்பவர் இப்போது ஐந்து மணிக்கே போய்விடுகிறார். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை போலும். இதில் கேவலம் என்னவென்றால், மலையில் நிற்கும்போது என் தலைக்குள்ளும் அந்த நிர்மா மெட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ரொட்டி கருகியதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று எழுதவில்லை. கணவரிடமாவது சொன்னீர்களா?

அன்றிரவு அவர் “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்று சொல்லியிருந்தால், பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பீர்களா? எனக்குச் சந்தேகம்தான். அழுதிருப்பீர்கள், பிறகு தேநீர் ஊற்றியிருப்பீர்கள். தவறு நடந்துவிட்டது, போகட்டும் என்பதைத்தான் அந்தப் பழமொழியும் சொல்கிறது. இரண்டுமே இரவல் வார்த்தைகள். ஒன்று பாட்டியிடம் வாங்கியது, மற்றது சலவைத்தூள் விற்பவரிடம் வாங்கியது. உங்களைச் சுட்டது அந்தக் கடைச்சரக்கு வாடைதான் என்று நினைக்கிறேன்.

அது ஏன் முந்திக்கொண்டு வந்தது? 1926 கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து வானொலியில் ஒரு தானிய உணவைப் பற்றி நால்வர் சேர்ந்து பாடினார்கள். வானொலியின் முதல் விளம்பரப் பாட்டு அது என்பார்கள். நாலே சொல், ஒரு மெட்டு, ஓயாத திரும்பல் என்று அன்று பிடித்த சூத்திரத்தை இன்னும் யாரும் விடவில்லை. யோசிக்காமலே வாயில் வரவேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். இலங்கை வானொலி 1950 இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. மாமனாரின் பற்பொடியும் அந்த வழியாகத்தான் உங்கள் லயத்துக்குள் வந்திருக்கும். பக்கவாதத்தால் பேச்சிழந்து, ஒரு வாக்கியம்கூட அமைக்க முடியாத சிலர், தெரிந்த பாட்டைச் சொற்களோடு பாடிவிடுவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பழகிய சொல் அவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது. திகைத்துப்போன மனிதனின் வாயில் சொந்தச் சொல் வருவதற்குள் அது வந்து நின்றுவிடும்.

இதைச் சொல்வதால் அவர் பக்கம் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் சிரித்தபோதாவது அவர் விழித்திருக்க வேண்டும். ஊரே கேட்க ஒருவன் சத்தம் போட்டுப் போன அவமானத்தை நீங்கள் தனியாகச் சுமந்து நின்றீர்கள். அதற்கு இரண்டு சொல் பதில் போதாது. ஆனால் இடத்தை நீங்களும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. அடுப்படி, சாப்பாட்டு நேரம், சுற்றிலும் உங்கள் வீட்டு விளம்பரக் குழு முழுவதும்!

ஒரு மாலை தவணை அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவருடைய ஓட்டோவில் உட்காருங்கள். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. “இதற்கு விளம்பரம் வேண்டாம், பதில் வேண்டும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எடுத்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அட்டையைக் காட்டுங்கள். இந்தக் கடனை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால், அதையும் அங்கேயே சொல்லி அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்படியே, ஐந்து மணிக்கு ஏன் போகிறார் என்றும் கேளுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவர் அந்த மலைக் குளிரில் இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்து போகவேண்டியதில்லை, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாலே போதும். அந்த நேரத்தில் டவுனில் யாரை ஏற்றுகிறார், கிடைக்கும் காசை எங்கே வைக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் தெரிந்துவிடும்.

வீட்டில் விளம்பரத்துக்குத் தடை போடாதீர்கள். தாத்தாவின் நாடுகளைப் பேரன் அடுக்கினால் அடுக்கட்டும்.

உங்கள் தலைக்குள் ஓடும் மெட்டுக்கு மட்டும் ஒரு கைமருந்து உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட சோதனையில், மனதில் ஒட்டும் பாட்டைக் கேட்ட பிறகு சூயிங்கம் மென்றவர்களுக்கு அந்தப் பாட்டு குறைவாகவே நினைவில் வந்தது. மௌனமாகப் பாடும் வாய்க்கு வேறு வேலை வந்துவிடுகிறதாம். மலைக்குப் போகும்போது ஒன்றை மென்று பாருங்கள். வெற்றிலையைச் சொல்லவில்லை.