தேங்கிய தண்ணீர், சாத்திய ஜன்னல்: நகர நோய்கள் பற்றிய உங்கள் கேள்விகள்

கேள்வி: தெருவில் வாராவாரம் கொசுப்புகை அடிக்கிறார்கள். ஆனாலும் டெங்கு ஓயவில்லையே, ஏன்?

புகை பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணி மடிப்பிலும் ஒதுங்கியிருக்கும். தெருப்புகை அங்கே சரியாக எட்டாது.

ஒரு டார்ச்சை எடுத்து, தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்முக்குள் அடித்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் கரித்தூள் தூவியதுபோலப் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், அவை முட்டைகளாக இருக்கலாம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். காய்ந்த சுவரிலேயே அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். திரும்பத் தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிந்து, வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து, உட்சுவரை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் இடைவெளி இல்லாமல் மூடிவையுங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கத் தட்டையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் டிரம்மில் தண்ணீர் சேர்ப்பது அந்த வீட்டுக்காரரின் குற்றம் இல்லை. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்றே தெரியாதவர் வேறு என்ன செய்வார்? அவருக்கு அபராதம் போடுவதற்கு முன் தண்ணீர் விநியோகத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: குழாயைத் திறந்ததும் கலங்கலாக வருகிறது, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. தெளிந்த பிறகு குடிக்கலாமா?

காய்ச்சாமல் குடிக்காதீர்கள். அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்வரை, விரிசல் வழியாக உள்ளே இருப்பது வெளியே கசியும். விநியோகத்தை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கி, வெளியே இருப்பது உள்ளே புகும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அந்தக் கழிவுநீர்தான் புகும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் இப்படித்தான் வீடு தேடி வருகின்றன.

தெளிவை நம்பவே கூடாது. 1854இல் லண்டன் பிராட் தெருவிலும் அதைச் சுற்றியும் 600க்கும் மேற்பட்டோர் காலராவில் இறந்தார்கள். மருத்துவர் ஜான் ஸ்நோ வீடு வீடாக விசாரித்து, தெருமுனை அடிபம்பு நீர்தான் காரணம் என்று காட்டினார். பக்கத்து வீட்டுக் கழிவுக்குழி அந்தக் கிணற்றில் கசிந்துகொண்டிருந்தது.

நன்றாகக் கொதித்துக் குமிழி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். நாலைந்து வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தால், சேர்ந்து போய்ப் புகார் கொடுங்கள்.

கேள்வி: ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம். ஒருவருக்குக் காசநோய். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். போதுமா?

தட்டு, டம்ளரால் காசநோய் பரவாது. பாவம், அவருக்கு மனவருத்தம்தான் மிஞ்சும். இருமும்போது வெளிவரும் கிருமி காற்றில் மிதக்கிறது, அதைத்தான் மற்றவர்கள் மூச்சில் இழுக்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருந்தால் இன்னும் நல்லது. மற்ற நால்வரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

கிருமி தொற்றிய எல்லாருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாளில் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே வரும். அதைத் தீர்மானிப்பதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. இந்த நோய்க்கு அரிசியும் பருப்பும் மருந்துக்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: நெரிசலான பகுதிகளில் இருப்பவர்கள்தான் நோயைப் பரப்புகிறார்களா?

இல்லை, அவர்களுக்குத்தான் அது முதலில் வருகிறது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும் என்பவர் காய்ச்சலோடு வேலைக்குப் போகத்தான் செய்வார். அவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால் கூட வேலை பார்ப்பவர்களும் தப்புவார்கள்.

கேள்வி: காலில் வெடிப்போடு வெள்ளத்தில் நடந்தேன். பயப்பட வேண்டுமா?

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு மாதம் கவனமாக இருங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால் தாமதிக்க வேண்டாம். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.