பழைய விண்வெளி ஸ்ட்ராட்டஜி கேம்கள், புதிய கணினிகள்: கேள்வி பதில்

1993இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஓடுகிற படத்தைப் போன வாரம் போட்டேன். அதற்குக் கீழே வந்து குவிந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதி மாளவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணா, என்னிடம் முதல் ஓரியன் இருக்கிறது, 1998இன் ஸ்டார்கிராஃப்ட் சிடியும் இருக்கிறது. ரொம்பப் பழசுதான் படுத்தும் என்று நினைத்தேன். ஓரியன் சமர்த்தாக ஓடுகிறது, ஸ்டார்கிராஃப்டில் நிறமெல்லாம் ஹோலி கொண்டாடுகிறது. வீட்டில் இன்னும் விண்டோஸ் 7தான்.

எல்லோரும் இப்படித்தான் தலைகீழாக நினைக்கிறார்கள். டாஸ், அதாவது விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை அடித்து ஓட்டும் அமைப்பு. அந்தக் காலத்து கேமை ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற நிரல் இருக்கிறது. அது உங்கள் கணினிக்குள் 486 பிராசஸர் காலத்துக் கணினி ஒன்றை முழுசாக நடித்துக் காட்டுகிறது: பிராசஸர், படம் காட்டும் விஜிஏ, ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் எல்லாம். வெளியே விண்டோஸ் 11 இருக்கிறதா, மேக் இருக்கிறதா என்பது கேமுக்குத் தெரியவே தெரியாது. விண்டோஸ் 95, 98 காலத்து கேமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது இன்றைய விண்டோஸிடமே நேரடியாகப் போய், "256 நிறம் மட்டும் கொடு, படம் வரைய டைரக்ட்டிரா கொடு" என்று கேட்கிறது. கேட்டது பாதிதான் கிடைக்கும்.

உங்கள் நிறக் கோளாறு விஸ்டா, 7 இரண்டிலும் பேர்போனது. கேம் தனக்கென்று 256 நிறங்களைத் தேர்ந்து வைக்கிறது. பின்னால் ஓடும் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அதில் கையை வைத்துக் கலைத்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு ஆடுங்கள், முடித்ததும் அதே இடத்தில் திரும்ப ஓடவிடுங்கள். 10, 11க்கு மாறும்போது சிடியே வேண்டாம். 2017 ஏப்ரலில் பிளிஸ்ஸார்டே ஸ்டார்கிராஃப்டைச் சரிசெய்து இலவசமாக விட்டுவிட்டது.

முதல் ஓரியன் ஓடுகிறது, ஆனால் எதிரிகளின் முறை வந்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். கிரகங்கள் வேறு இட்லி மாதிரி சப்பையாக இருக்கின்றன.

இரண்டுமே ஒரு நிமிட வேலை. டாஸ்பாக்ஸ் ஜன்னலின் தலைப்பில் சைக்கிள்ஸ் என்று ஓர் எண் தெரியும், பாருங்கள். இந்த மாதிரிப் பழைய கேம்களுக்கு அது தானாக 3000 என்று வைத்துக்கொள்ளும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஃப்12 தட்டத் தட்ட அந்த எண் ஏறும், எஃப்11 தட்டினால் இறங்கும். சில லேப்டாப்களில் எஃப்12 தட்டினால் சத்தமோ வெளிச்சமோதான் கூடும். அப்படியானால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். 15,000 பக்கம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், டீக்கு நேரமிருக்காது. அந்த எண் பிடித்துப்போனால் டாஸ்பாக்ஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பிலேயே எழுதிவிடலாம்.

இட்லிக்குக் காரணம் வேறு. அந்த கேமின் படம் 320க்கு 200 புள்ளிகள். அன்றைய மானிட்டரோ 4:3. புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் உயரமாக நீண்டுதான் திரையில் தெரியும், வரைந்தவர்களும் அதைக் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளி சதுரம். அதே கான்ஃபிக் கோப்பில் ஆஸ்பெக்ட் என்ற வரி இருக்கும், அதை ட்ரூ என்று மாற்றுங்கள். கிரகம் உருண்டையாகிவிடும்.

ஓரியன் 2 சிடியில் இரண்டு எக்ஸி கோப்புகள் இருக்கின்றன. எதைத் தட்டுவது?

ஓரியன்95 என்பது விண்டோஸுக்கானது, ஓரியன்2 என்பது டாஸுக்கானது. 1996இல் வந்த கேம், அது இரண்டு காலமும் கலந்திருந்த நேரம், அதனால் இரண்டையும் போட்டுக் கொடுத்தார்கள். பெயரில் 95 இருக்கிறதே, அதுதான் புதுசு என்று அதைத் தட்டாதீர்கள். டாஸ் வடிவத்தை டாஸ்பாக்ஸில் போடுங்கள், மேலே சொன்ன அதே காரணம்தான். ஒலி அமைப்பில் சவுண்ட் பிளாஸ்டர் 16, போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. கம்பெனி விட்ட கடைசி பேட்ச் 1.31. அதற்குப் பிறகும் ரசிகர்கள் விடாமல் வேலை பார்த்து 1.50 வரை கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் ஆட்டத்தை 1.31இல் ஆடுங்கள், பழகிய பிறகு 1.50க்குப் போகலாம்.

ஸ்டார்ஸ்! கேமைத் தட்டினால் "இந்தக் கணினியில் ஓடாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. கம்பாட்டிபிளிட்டி மோடு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

நூறு முறை போட்டாலும் ஓடாது. ஸ்டார்ஸ்! விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரலை ஓட்டும் பகுதியே கிடையாது. கம்பாட்டிபிளிட்டி மோடு பழைய விண்டோஸ் மாதிரி கொஞ்சம் நடிக்குமே தவிர, இல்லாத பகுதியைக் கொண்டுவராது. வைன்வி‌டிஎம் என்ற சின்ன இலவசக் கருவி இருக்கிறது, ஓடிவிடிஎம் என்றும் சொல்வார்கள், அதை வைத்துத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1ஐயே நிறுவி அதற்குள் ஆடலாம். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் நன்றாகவே ஓடுகிறது.

இதிலேயே இன்னொரு தொல்லை: கேம் 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவும் செட்அப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். செட்அப் திறக்காததைப் பார்த்துவிட்டு கேமே ஓடாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்து வைத்தேன். கேம் ஓடுகிறது, பின்னணி இசை மட்டும் வரவில்லை.

அந்தக் காலத்தில் பல கேம்கள் இசையை ஆடியோ சிடியில் இருப்பது போலவே தனித் தடங்களாகப் பதிந்து வைத்தன. ஐஎஸ்ஓவில் டேட்டா தடம் மட்டும்தான் வரும், பாட்டு சிடியிலேயே தங்கிவிடும். பின் (.bin), க்யூ (.cue) என்ற இரட்டைக் கோப்பாகத் திரும்ப எடுங்கள், டாஸ்பாக்ஸில் அந்த க்யூ கோப்பை இமேஜ்மவுண்ட் கட்டளையால் ஏற்றுங்கள். சிடி கீறல் விழுந்து போவதற்குள் செய்யுங்கள்.

சிடி உள்ளேதான் இருக்கிறது. ஆனாலும் "சிடியைப் போடவும்" என்கிறது. 2001ஆம் ஆண்டு வாங்கிய கேம்.

அநேகமாக சேஃப்டிஸ்க் பூட்டாக இருக்கும். அசல் சிடிதானா என்று பார்க்க அது விண்டோஸின் ஆழத்தில் ஒரு டிரைவரை ஓட்டும். அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்தேவிட்டது, அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் விஸ்டா, 7, 8இலும் அணைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவருக்கு ஆடமுடியவில்லை என்பது எரிச்சல்தான். ஆனாலும் ஓட்டையுள்ள டிரைவரைத் திரும்பப் போடாதீர்கள். ஜிஓஜி மாதிரி இணையக் கடைகளில் பூட்டு இல்லாத வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஹோம்வேர்ல்டு: 1999இன் அசலா, 2015இன் ரீமாஸ்டரா?

எனக்குப் பிடித்த சண்டை இது! ரீமாஸ்டர் அழகு, அதில் சந்தேகமில்லை. தாய்க்கப்பல் மெல்லத் திரும்பும்போது அதன் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அது ஹோம்வேர்ல்டு 2இன் எஞ்சின் மேல் கட்டியது. அசலில் சின்னக் கப்பல்களுக்கு எரிபொருள் உண்டு. தாக்கப் போன ஃபைட்டர்கள் பாதியில் எரிபொருள் தீர்ந்து தவிக்கும், ஆதரவுக் கப்பலை முன்கூட்டியே அனுப்பி வைக்க வேண்டும். ரீமாஸ்டரில் அந்தக் கவலை இல்லை. கவலை போனதோடு ஆட்டத்தின் பாதி ருசியும் போய்விட்டது என்பேன் நான். அணிவகுப்பும் முதலில் சொதப்பலாக இருந்தது, 2016இன் பேட்சுக்குப் பிறகுதான் தேறியது.

நல்லவேளை, தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. ரீமாஸ்டர் தொகுப்புக்குள்ளேயே ஹோம்வேர்ல்டு 1, 2இன் அசல் இரண்டும் இன்றைய விண்டோஸில் ஓடும்படி இருக்கின்றன. ஹோம்வேர்ல்டு வரிசையின் இன்னொரு கேமான கேடக்ளிசம் தேடுபவர்களுக்கு: அது தொகுப்பில் இல்லை. ஜிஓஜியில் எமெர்ஜென்ஸ் என்ற பெயரில் 2017இல் வந்தது.

சேவ் செய்த ஆட்டம் காணாமல் போகிறது. கேமுக்குள் தெரிகிறது, ஃபோல்டரில் இல்லை!

இதில் நானே அடிவாங்கியிருக்கிறேன். மூன்று வாரம் ஆடிய ஓரியன் 2 ஆட்டம். புதுக் கணினிக்கு மாறும்போது கேம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துவிட்டு பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்துவிட்டேன். புதிதில் திறந்தால் ஒரு சேவ்கூட இல்லை. நடந்தது இதுதான்: கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் நிறுவியிருந்தேன். அங்கே எழுத விண்டோஸ் விடாது, பழைய நிரலிடம் விடமாட்டேன் என்றும் சொல்லாது. எழுதியதாக நம்பவைத்துவிட்டு, உங்கள் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்று மூன்று படி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடும். உங்களுடையது அங்கேதான் இருக்கும், போய்ப் பாருங்கள். இனிமேல் பழைய கேம் எதுவானாலும் சி டிரைவில் கேம்ஸ் என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் நிறுவுங்கள்.

என்னிடம் மேக். எனக்கு வழியே இல்லையா?

டாஸ் கேம் என்றால் டாஸ்பாக்ஸ் மேக்கிலும் உண்டு, இரண்டு ஓரியனும் ஓடும். மேக்குக்கென்றே வந்த பழைய 32 பிட் கேம்கள்தான் போயின. 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு ஆப்பிள் கதவைச் சாத்திவிட்டது.

நானும் தம்பியும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம். ஓரியன் 2 சேர்ந்து ஆட முடியுமா?

முடியும். அது ஐபிஎக்ஸ் என்ற பழைய நெட்வொர்க் முறையில் பேசும், டாஸ்பாக்ஸ் அதை இன்டர்நெட் வழியாகக் கடத்தும். இருவருமே கான்ஃபிக் கோப்பில் ஐபிஎக்ஸ் வரியை ட்ரூ ஆக்குங்கள். நீங்கள் சர்வரைத் தொடங்குங்கள், தம்பி உங்கள் ஐபி முகவரிக்கு இணையட்டும். யூடிபி போர்ட் 213 ரவுட்டரில் திறந்திருக்க வேண்டும். பல வீட்டு இணைப்புகளில் உங்களுக்கென்று தனி ஐபி தரமாட்டார்கள், அப்போது இரண்டு கணினிக்கும் நடுவே ஒரு விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டம் பல நாள் இழுக்கும், அதைத் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அபாண்டன்வேர் (கைவிடப்பட்ட பழைய கேம்) தளங்களில் இறக்கினால் தப்பா?

யாரும் விற்கவில்லை என்பதால் காப்புரிமை போய்விடாது. அபாண்டன்வேர் என்பது ரசிகர்கள் வைத்த பெயர், சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. ஓரியன் இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன, வாங்கிவிடுங்கள்.

சார், அவசரம். டாஸ்பாக்ஸ் ஜன்னலுக்குள் மவுஸ் மாட்டிக்கொண்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது. இதை ஃபோனில் அடிக்கிறேன்.

கன்ட்ரோல், எஃப்10.