பாலே பாவாடை ஏன் நீளம், ஏன் வெள்ளை?

கேள்வி: ஆண்டு விழாவில் என் மகள் பாலே ஆடுகிறாள். கணுக்காலுக்குச் சற்று மேல்வரை நீண்ட வெள்ளைப் பாவாடை வேண்டும் என்கிறார் டீச்சர். பாலேவுக்குக் குட்டைப் பாவாடைதானே?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: டீச்சர் கேட்பது 1832-ஆம் வருட உடை, அம்மா. அந்த ஆண்டு பாரிஸ் ஓபராவில் ‘லா சில்ஃபீட்’ நாட்டியத்தில் காற்றுத் தேவதையாக வந்தார் மரி தாலியோனி. இறுக்கமான மேல்சட்டை, மணி வடிவில் விரியும் மெல்லிய வெள்ளைப் பாவாடை. 1841-இல் ‘ஜிசெல்’ என்ற பாலே நாட்டியம் வந்ததும் ஆவி, தேவதை என்றாலே வெள்ளை என்றாகிவிட்டது. கேஸ் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் அந்த அடுக்குகள் மிதப்பதாகவே தோன்றும். கால் வேலை தெரியும் ‘டுட்டு’ என்ற குட்டைப் பாவாடை பிறகு வந்தது.

அதே விளக்கு உயிரையும் குடித்தது. 1862-இல் ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்ற பாலே நடனக்காரியின் பாவாடை பற்றிக்கொண்டது. தீப்பிடிக்காதபடி ரசாயனத்தில் நனைத்த துணி அன்றே இருந்தது. விறைப்பாக இருக்கிறது, வெண்மை போய்விடுகிறது என்று அந்தப் பெண் மறுத்திருந்தாள். எட்டு மாத வேதனைக்குப் பின் இறந்தபோது வயது 20. பாவாடை தைக்கும் ஒவ்வொரு முறையும் அவள் நினைவு வந்து மனம் கனக்கும்.

கோத்தகிரியில் என்னிடம் தையல் படிக்கும் பெண்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அடியில் விறைப்பான நெட், மேலே மெல்லிய நெட். குளிருக்கு உள்ளே தோல்நிற முழுக்கை பனியன். மேடையோரக் குத்துவிளக்கை ஆட்டத்துக்கு முன்பே அணைக்கச் சொல்லுங்கள்.